முடி மருந்து பலன் தருகிறதா? அளந்து பார்ப்போம்



நிக்காஹ் பேச்சு தொடங்கும் வயதில் நெற்றி ஏறி, உச்சி வெளுத்தால் நம் பிள்ளைகள் மனம் ஒடிந்து போகிறார்கள். உழைத்த காசை எண்ணெய்க்கும் மருந்துக்கும் கொட்டிவிட்டு, தினமும் கண்ணாடி முன் நிற்கிறார்கள். ஆனால் கண்ணாடி சரியான அளவுகோல் அல்ல. வெளிச்சம் மாறினாலே முடி கூடியதுபோலவோ குறைந்ததுபோலவோ தெரியும்.

மருத்துவ ஆய்வில் முடியை எண்ணியே அளக்கிறார்கள். ஃபினாஸ்டிரைடு மாத்திரைக்காக 1,553 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1998இல் வெளியானது. உச்சந்தலையில் 1 அங்குல அகல வட்டத்தைப் படமெடுத்து, அதே இடத்து முடியை மறுபடி மறுபடி எண்ணினார்கள். ஒரு சாராருக்கு மருந்து. மறு சாராருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று இரு தரப்புக்கும் தெரியாது.

தொடக்கத்தில் அந்த வட்டத்தில் சராசரி 876 முடி. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மருந்து எடுத்தவர்களுக்கு ஓராண்டில் 107 முடியும், இரண்டாண்டில் 138 முடியும் கூடுதலாக இருந்தது. மருந்தில்லாதவர்களுக்கு உதிர்வு தொடர்ந்ததும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம். ஆகவே, இருப்பது உதிராமல் நிற்பதும் பலன்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்? மருந்து தொடங்கும் முன் உச்சியையும் நெற்றியையும் படமெடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடம், அதே வெளிச்சம், அதே முடி நீளத்தில் மீண்டும் எடுங்கள். எண்ணெய் வேண்டாம். உம்ராவில் மொட்டை போட்டவர்களுக்குத் தெரியும்: முடி மாதம் 1 செ.மீ. அளவுதான் வளரும். எனவே 15 நாளில் பலன் என்னும் விளம்பரத்தை நம்பாதீர்கள். மினாக்ஸிடில் தடவும்போது முதல் சில வாரங்கள் உதிர்வு கூடலாம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்த வேண்டாம். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுங்கள். மருந்தை நிறுத்தினால் வந்த முடி போய்விடும் என்பதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

ஃபினாஸ்டிரைடை மருத்துவர் சொல்லாமல் வாங்கக் கூடாது. சிலருக்குத் தாம்பத்திய நாட்டம் குறையலாம். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. முதலில் சேலம் அரசு மருத்துவமனையின் தோல் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வழுக்கை குற்றமல்ல. மாப்பிள்ளையின் முடியை எண்ணாமல் மார்க்கப் பற்றையும் நற்குணத்தையும் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.