யார் காதில் எது விழ வேண்டும்

1969ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் தன் நண்பர்களுக்காக ஒரு போர் விளையாட்டைத் தயாரித்தார். நெப்போலியன் காலம், பிரவுன்ஸ்டைன் என்று ஒரு கற்பனை ஜெர்மானிய ஊர், அதை நோக்கி வரும் இரண்டு படைகள். படைத்தலைவர்களாக இரண்டு பேர் போதும். ஆனால் விளையாட ஆர்வமுள்ளவர்கள் அதைவிடப் பலர். எல்லோருக்கும் வேலை கொடுக்க வேண்டுமே என்று ஊரின் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர், மாணவர் என ஆளுக்கொரு வேடம் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் மற்றவருக்குத் தெரியாத தனி நோக்கம் ஒன்றும் உண்டு.

ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டு, அவர் என்ன செய்யப்போகிறார் என்று கேட்டு, விளைவைச் சொல்லி அனுப்புவது வெஸ்லியின் திட்டம். முதல் ஆளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே காத்திருந்தவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள். பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள், பொய் சொன்னார்கள். இரண்டு பேர் வந்து, எங்கள் பாத்திரங்கள் ஒண்டிக்கு ஒண்டி மோதப் போகின்றன, தீர்ப்புச் சொல் என்று நின்றார்கள். அதற்கு அவரிடம் விதியே இல்லை. யார் எங்கே இருக்கிறார், யாருக்கு என்ன தெரியும் என்ற கணக்கு அவர் கையைவிட்டுப் போயிற்று. ஆட்டம் படுதோல்வி என்று நினைத்தபடிதான் முடித்தார். நண்பர்களோ இன்னொரு முறை எப்போது என்று கேட்டார்கள்.

அந்த நண்பர்களில் ஒருவர் டேவ் ஆர்னெசன். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் வெளியிட்டதுதான் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்க, கேம் மாஸ்டர் என்ற ஒருவர் உலகத்தையும் எதிரிகளையும் நடத்த, பேச்சாலும் பகடையாலும் ஒரு கதை உருவாகும் ஆட்டம். இன்று அந்த மேசை பலருக்கு இணையத்தில் இருக்கிறது. வேறு வேறு ஊரில், வேறு வேறு அறையில், ஆளுக்கொரு திரை முன்னால் உட்கார்ந்து ஆடுகிறார்கள். வெஸ்லி தவித்த தவிப்பை இன்றைய கேம் மாஸ்டர் ஒவ்வொருவரும் தவிக்கிறார்: யாருக்கு எதைக் காட்டுவது, யாரிடமிருந்து எதை மறைப்பது, காத்திருப்பவர் மனம் வேறெங்கோ போகாமல் எப்படிப் பிடித்து வைப்பது. மறைப்பதையும் மனத்தைப் பிடித்து வைப்பதையும் இரண்டு தனிப் பிரச்சினைகளாகத்தான் பலரும் பார்க்கிறார்கள். எனக்கு இவை ஒரே கயிற்றின் இரு முனைகளாகத் தெரிகின்றன.

மறைப்பதில் தொடங்குவோம். அதன் வேர் மினசோட்டாவில் இல்லை, பிரஷ்யாவில் இருக்கிறது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பீரங்கிப்படை லெப்டினன்ட், தன் தந்தை தொடங்கிவைத்த போர் விளையாட்டைச் செம்மைப்படுத்தித் தலைமைத் தளபதி முஃப்ளிங்கிடம் ஆடிக் காட்டினார். 1:8000 அளவில் வரைந்த நிலப்படம். ஒரு சுற்று என்றால் இரண்டு நிமிடப் போர். முக்கியமான புதுமை நடுவர். இரு தரப்பும் எழுத்தில் கட்டளை தர வேண்டும். நடுவர் அதைப் படித்து, எதிரியின் கண்ணுக்குத் தெரியக்கூடிய படைகளை மட்டுமே படத்தில் வைப்பார். குன்றுக்குப் பின்னால் நிற்கும் குதிரைப்படை படத்திலேயே இருக்காது. சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் இருவர் கண்முன் நிற்கும். போரில் அப்படி இல்லை என்பதை ரைஸ்விட்ஸின் ஆட்டம் மேசைக்குக் கொண்டுவந்தது. அந்த மரபில் அமெரிக்க அதிகாரி சார்லஸ் டாட்டன் 1880இல் எழுதிய ‘ஸ்ட்ராட்டெகோஸ்’ என்ற புத்தகத்தை மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுத்தவர்தான் வெஸ்லி. நடுவர் என்ற ஆள் இப்படித்தான் பெர்லினிலிருந்து டிராகன்களின் குகைவரை நடந்து வந்தார்.

ஏன் மறைக்க வேண்டும்? நண்பர்கள்தானே, தெரிந்ததைத் தெரியாததுபோல் நடித்துவிடலாமே என்று தோன்றும். மனித மனம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. 1975இல் உளவியலாளர் பரூக் ஃபிஷாஃப் ஒரு சோதனை செய்தார். 1814இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய சிறு குறிப்பைப் பலரிடம் கொடுத்தார். சிலருக்கு முடிவைச் சொல்லவில்லை. மற்றவர்களில் ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு முடிவைச் சொன்னார். எந்த முடிவு எந்த அளவுக்குச் சாத்தியம் என்று மதிப்பிடச் சொன்னபோது, தாங்கள் கேள்விப்பட்ட முடிவுக்கு, எதையும் கேள்விப்படாதவர்கள் நினைத்ததைவிட அதிகச் சாத்தியம் இருப்பதாக அவர்கள் நினைத்தார்கள். முடிவு தெரியாதவர்போல் பதில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகும் அப்படித்தான். காதில் விழுந்ததை மனம் திருப்பிக் கொடுப்பதில்லை. கதவுக்குப் பின்னால் பூதம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எவ்வளவு நேர்மையானவரானாலும் அந்தக் கதவைத் திறக்கும் கையில் சிறு தயக்கம் வந்துவிடும். ஆகவே நடிக்கச் சொல்வதைவிட உண்மையிலேயே மறைத்துவிடுவது ஆட்டக்காரருக்குச் செய்யும் உதவி. அவர் நிஜமாகவே பயப்படலாம், நிஜமாகவே ஏமாறலாம்.

மேசையில் இதற்கு ஓர் அட்டைத் தடுப்பு போதும். கேம் மாஸ்டர் அதன் பின்னால் படத்தையும் பகடையையும் வைத்துக்கொள்வார். ஆனால் அட்டைக்கு ஒரு குறை உண்டு: மறைத்தால் எல்லோருக்கும் மறைக்கும், எடுத்தால் எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கு ஆள் வேறுபட்ட இருட்டை அதனால் உண்டாக்க முடியாது.

கணினி உண்டாக்குகிறது. ரோல்20, ஃபவுண்டரி போன்ற இணைய மேசைகளின் அழகு இதுதான். கேம் மாஸ்டர் குகைப் படத்தின் மேல் சுவர்களைக் கோடுகளாக வரைந்து வைக்கிறார். உங்கள் பாத்திரத்தைக் குறிக்கும் டோக்கன் நிற்கும் புள்ளியிலிருந்து ஒவ்வொரு சுவரின் முனைக்கும் கணினி ஒரு கதிரை அனுப்பிப் பார்க்கிறது. கதிர் எந்தச் சுவரில் முதலில் மோதுகிறதோ அதுவரைதான் பார்வை. மோதிய புள்ளிகளைக் கோண வரிசையில் இணைத்தால் ஒரு பலகோணம் கிடைக்கும். அதற்குள் இருப்பது வெளிச்சம், வெளியே இருப்பது கருப்பு. டோக்கன் ஓரடி நகர்ந்தால் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடுகிறது. (இதே வடிவியல் 1970களில் கணிதக்காரர்களையும் ஈர்த்தது. ஓர் ஓவியக்கூடம் முழுவதையும் கண்காணிக்க எத்தனை காவலர் வேண்டும் என்று விக்டர் கிளீ 1973இல் கேட்டார். சுவர் எத்தனை கோணலாக வளைந்தாலும், 12 மூலை கொண்ட கூடத்துக்கு 4 பேர் போதும் என்ற கணக்கில் வாஷெக் குவாடல் 1975இல் நிறுவினார். நடுவில் வந்த 1974தான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிறந்த ஆண்டு.)

இந்தப் பார்வைக் கணக்கின்மேல் ஆட்டத்தின் விதிகளும் ஏறிக்கொள்கின்றன. தீப்பந்தம் 20 அடிக்கு நல்ல வெளிச்சம் தரும், அடுத்த 20 அடிக்கு மங்கல் வெளிச்சம். குள்ளர் இனத்துப் பாத்திரத்துக்கு இருட்டிலும் கண் தெரியும். மனிதப் பாத்திரத்துக்குத் தெரியாது. ஆகவே ஒரே குகையில் அருகருகே நிற்கும் இரண்டு பேர், நிஜ உலகில் இரண்டு ஊர்களில் உட்கார்ந்து, இரண்டு வேறு படங்களைப் பார்க்கிறார்கள். “மூலையில் ஏதோ அசையுது” என்று ஒருவர் சொல்ல, “எங்கே? எனக்கு ஒன்றும் தெரியலையே” என்று மற்றவர் உண்மையாகவே கேட்கிறார். எந்த அட்டைத் தடுப்பும் தராத தருணம் இது.

பகடையும் ரகசியத்தைக் கசியவிடும். பொறி இருக்கிறதா என்று தேடுகிறீர்கள். இருபது முகப் பகடை 2 என்று விழுகிறது. “எதுவும் தென்படவில்லை” என்கிறார் கேம் மாஸ்டர். சரியாகத் தேடவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் ஃபவுண்டரியில் குருட்டு உருட்டல் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உருட்டுவது நீங்கள், விழுந்த எண் கேம் மாஸ்டருக்கு மட்டுமே தெரியும். ஆவணங்களுக்கும் இப்படியே படிகள் உண்டு. ஒரு பாத்திரத்தின் குறிப்பு உங்கள் கண்ணில் படவே படாது. அல்லது மேலோட்டமாக மட்டும் தெரியும். அல்லது முழுவதும் படிக்கலாம், திருத்த முடியாது. அல்லது அது உங்களுடையது, என்ன வேண்டுமானாலும் செய்யலாம். நான்கே படிகள். ஆனால் ஒரு கடிதத்தை ஐந்து பேரில் எந்த ஒருவர் படிக்கலாம் என்று தீர்மானிக்க முடிவதுதான் ஒரு கதையில் துரோகத்துக்கு இடம் தருகிறது.

மறைப்பு எங்கே நடக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. 1998இல் வந்த ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்ற கணினி விளையாட்டில் ஒவ்வொருவர் கணினியும் முழு ஆட்டத்தையும் தனக்குள் நடத்திக்கொண்டிருக்கும்; எதிரியின் இருப்பிடமும் அதன் நினைவகத்தில் இருக்கும்; மேலே கருப்பு மட்டும் பூசியிருக்கும். பூச்சை உரிக்கும் திருட்டு மென்பொருள்கள் வந்ததில் வியப்பில்லை. 2020இல் வந்த ‘வாலரன்ட்’ வேறு வழியில் போனது: எதிரி உங்கள் பார்வைக்குள் வரப்போகும் தறுவாய் வரை அவர் இருக்கும் இடத்தை சர்வர் உங்களுக்கு அனுப்புவதே இல்லை. நண்பர்கள் கூடும் மேசைக்கு அவ்வளவு காவல் தேவையில்லை என்பதே என் எண்ணம். பூச்சை உரித்துப் பார்க்க நினைப்பவரோடு எந்தப் பூட்டை வைத்தும் கதை சொல்ல முடியாது.

மறைப்பதில் கணினி இவ்வளவு கெட்டி. கவனத்தைக் காப்பதில்தான் அது கைவிட்டுவிடுகிறது.

நம் வீடுகளில் பாட்டி கதை சொல்லும்போது பிள்ளைகள் ‘ம்’ கொட்ட வேண்டும். ம் நின்றால் கதையும் நிற்கும். தூங்கிவிட்டார்களா என்று பார்க்கும் தந்திரம் என்றுதான் இதை நினைத்திருந்தேன். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவேலாஸும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு அதற்குள் இருக்கும் ஆழத்தைக் காட்டியது. மயிரிழையில் ஆபத்திலிருந்து தப்பிய சொந்தக் கதையை ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு ரகசியமாக வேறு வேலை: ஆங்கிலத்தில் ‘டி’ எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவர்கள் சொற்களை மிகக் கவனமாகத்தான் கேட்டார்கள், கதையைக் கேட்கவில்லை. திடுக்கிட வேண்டிய இடத்தில் திடுக்கிடவில்லை. விளைவு, கதை சொன்னவர்களே தடுமாறினார்கள். உச்சத்தில் வந்து கதையைச் சப்பென்று முடித்தார்கள்; சொன்னதையே திரும்பச் சொன்னார்கள். கேட்பவர் கவனம் சிதறினால் சொல்பவரின் திறமை குறைகிறது. பாட்டிக்கு ம் என்பது எரிபொருள்.

இணைய மேசையில் முதலில் அணைந்துபோவது அந்த ம்தான். பின்னணி இரைச்சல் வரக்கூடாது என்று எல்லோரும் மைக்கை மியூட் செய்துவிடுகிறார்கள். கேம் மாஸ்டர் பாழடைந்த கோயிலை வர்ணிக்கிறார். எதிரே ஐந்து பெயர்ப்பலகைகள், மூச்சுச் சத்தம்கூட இல்லை. மியூட் செய்யாவிட்டாலும் தாமதம் இருக்கிறது. 2009இல் தான்யா ஸ்டைவர்ஸும் உடன் ஆய்வாளர்களும் பத்து மொழிகளில் உரையாடல்களை அளந்தார்கள். ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக 200 மில்லிவினாடிதான். தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் நல்ல இணைப்பு என்று ஏற்கிறார்கள். போய் வர 300 வரை. ஆக, நல்ல இணைப்பிலேயே நம் பேச்சின் இயல்பான இடைவெளியைவிடப் பெரிய ஓட்டை விழலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கி, இருவரும் நிறுத்தி, “நீங்க சொல்லுங்க” என்று ஒதுங்கிக்கொள்ளும் காட்சி எல்லோருக்கும் தெரியும். நான்கு முறை அப்படி நடந்தால் கூச்சமுள்ளவர் பேசுவதையே விட்டுவிடுகிறார். பக்கத்து ஜன்னலில் கிரிக்கெட் ஸ்கோர் திறக்கிறது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கைப் பாருங்கள். விதிப்படி சண்டையில் ஒரு சுற்று என்பது கதைக்குள் 6 வினாடி. ஐந்து ஆட்டக்காரர், ஆளுக்கு மூன்று நிமிடம், எதிரிகளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 18 நிமிடம். அதில் 15 நிமிடம் ஒருவர் சும்மா இருக்கிறார். மேசையில் என்றால் அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுக்கலாம், சிப்ஸ் எடுக்கலாம், பகடையை அடுக்கி வைக்கலாம். எல்லாம் அந்த மேசைக்குள்ளேயே நடக்கும். திரையில் இருப்பது ஒரே ஒரு குரல்வழி. கிசுகிசுக்க இடமே இல்லை.

இதற்குப் பூட்டு போடப் பார்ப்பவர்கள் உண்டு. கேமராவைக் கட்டாயமாக்குவது, எல்லோர் திரையையும் ஒரே இடத்துக்கு இழுத்து நிறுத்துவது, ஆட்டத்தை நிறுத்தி வைத்து டோக்கனை நகரவிடாமல் செய்வது. திரையை இழுக்கலாம், கண்ணை இழுக்க முடியாது. “அடுத்தது நீங்கள், அதற்கடுத்தது அவர்” என்று முன்கூட்டியே சொல்வது இவை எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்கிறது. மைக்கைத் திறந்தே வைக்கச் சொல்லி, நாய் குரைப்பதைப் பொறுத்துக்கொள்வதும் அப்படியே.

ஆனால் நான் மறுபடி மறுபடி போய் நிற்பது வெஸ்லியின் பக்கத்து அறையில்தான். அன்று வெளியே காத்திருந்தவர்களுக்கும் தங்கள் முறை வரும்வரை வெஸ்லி வேலை தரவில்லை. விதியும் தரவில்லை. ஆனாலும் யாருக்கும் சலிக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொருவர் மடியிலும் மற்றவர் அறியாத ஒன்று கட்டியிருந்தது. வங்கிக்காரருக்குத் தெரிந்தது மேயருக்குத் தெரியாது. அது போதும், இருவரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அதனால் இன்றைய இணைய மேசையில் யாரோ ஒருவர் பத்து நிமிடமாக வாய் திறக்கவில்லை என்றால் கேம் மாஸ்டர் அவர் பெயரைச் சொல்லி அதட்ட வேண்டியதில்லை. சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். அவருக்கு மட்டும் தெரியும்படி ஒரு வரி தட்டினால் போதும்: உன் முதுகுக்குப் பின்னால், கல்சுவரின் அந்தப் பக்கம், யாரோ மூச்சுவிடுகிற சத்தம் கேட்கிறது, மற்ற நான்கு பேருக்கும் கேட்கவில்லை. சில வினாடி ஆகும். பிறகு அந்தப் பெயருக்குப் பக்கத்தில் மைக்கின் பச்சை விளக்கு எரியும்.