வண்டி ரெடி, டீசல்?

ஆயர் ஈத்தாமில் செம்பனை போட்டிருக்கும் மாமாவோடு பிக்கப் பார்க்கப் போனேன். 2022-இல் மின்னணுச் சில்லுத் தட்டுப்பாட்டால் மாதக்கணக்கில் காத்திருந்தோம். இப்போது வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ‘இன்றே கையெழுத்துப் போட்டால் கழிவு’ என்றார் விற்பனையாளர். மாமா நிறம் பார்த்தார்; நான் தயாரிப்பு ஆண்டைக் கேட்டேன். போன வருடத்து வண்டி! பிறகு விற்கும்போது அந்தக் கழிவு நம் தலையில்தான் விடியும்.

அதைவிடப் பெரிய கணக்கு டீசல். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்குத் தாவியது. 2024-இல் புடி மடானி தந்த மாதம் 200 ரிங்கிட், அந்த ஏற்றத்தில் சுமார் 166 லிட்டருக்குத்தான் ஈடு. இரண்டு முறை டேங்க் நிரப்பினால் தீர்ந்தது. மாமாவோ குலை ஏற்றிக்கொண்டு குளுவாங், பத்து பகாட் என்று தினமும் ஓடுகிறவர்.

“பேசாம பழைய வண்டிக்கே டயர் மாத்திடலாமா?” என்றார் என் காதோரம்.

விற்பனையாளர் இன்னொரு மைலோ கொண்டுவந்து வைத்தார்.