பில் கவுண்டர் கம்ப்யூட்டர் காலையில் எழவில்லையா?

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலோ அறந்தாங்கி கடைத்தெருவிலோ நான்கைந்து பில் கவுண்டர் வைத்து வியாபாரம் செய்யும் உறுப்பினர்களுக்கு ஒரு சிக்கன வழி உண்டு. ஒரே சர்வரில் லினக்ஸைப் போட்டு, கவுண்டர் கம்ப்யூட்டர்களுக்கு ஹார்ட் டிஸ்க்கே இல்லாமல் நெட்வொர்க் கேபிள் வழியாக இயக்குவதுதான் அது. 1990களில் நோவெல் நெட்வேர் வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல. லினக்ஸில் இதற்கென்றே 1999ல் தொடங்கிய எல்.டி.எஸ்.பி. இலவசமாகக் கிடைக்கிறது.

தூசியில் டிஸ்க் கெடும் கவலை இல்லை. ஆனால் சர்வரில் ஒரு வரி பிசகினால் எல்லாக் கவுண்டரும் ஒன்றாக நிற்கும். தீபாவளி வியாபாரத்தில் இப்படி நின்றால் திருச்சியிலிருந்து சர்வீஸ்காரர் வந்து சேரும்வரை கையால்தான் பில் எழுத வேண்டும். ஆகவே, எந்தப் படியில் நின்றது என்று பார்க்க நாமே தெரிந்துகொள்வது நல்லது.

சுவிட்சைப் போட்டதும் கவுண்டர் கம்ப்யூட்டர் தனக்கொரு முகவரி கேட்கும், டி.எச்.சி.பி. அதைத் தரும். பிறகு லினக்ஸின் மூலப்பகுதியான கெர்னல் இறங்கும். அடுத்து சர்வரிலுள்ள ஒரு டைரக்டரியைத் தன் டிஸ்க்காக எடுத்துக்கொள்ளும். அதன் பின்னரே தொடக்க ஸ்கிரிப்டுகள் ஓடும்.

முகவரியே கிடைக்காதது ஒரு கவுண்டர் மட்டும் என்றால் கேபிளைப் பாருங்கள். முகவரி கிடைத்தும் எல்லாமே நின்றால், அதே சுவிட்சில் யாராவது பிராட்பேண்ட் மோடத்தைச் சொருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். மோடமும் முகவரி கொடுக்கும். கெர்னல் எங்கே என்று அதற்குத் தெரியாது.

ஸ்கிரிப்டில் நின்றால், கெர்னலுக்குத் தரும் வரியிலிருந்து 'கொயட்' என்ற சொல்லை நீக்குங்கள். எது ஓடும்போது நின்றது என்பது திரையிலேயே வரும். பெரும்பாலும் குற்றவாளி நெட்வொர்க் ஸ்கிரிப்ட்தான். டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரிலிருந்து அப்படியே நகலெடுத்த ஸ்கிரிப்ட், நெட்வொர்க் கார்டை ஒருமுறை நிறுத்தித் திரும்ப இயக்கும். டிஸ்க்கோ அந்தக் கேபிளின் மறுமுனையில் இருக்கிறது! நுனிக்கொம்பில் அமர்ந்து அடிக்கொம்பை வெட்டிய கதைதான். அந்தக் கார்டை 'மேனுவல்' என்று குறித்து, ஸ்கிரிப்ட் அதைத் தொடாமல் செய்ய வேண்டும்.

இல்லாத டிஸ்க்கின் பெயர் டிஸ்க் பட்டியலில் விடுபடாமல் இருந்தால் கம்ப்யூட்டர் அதற்காக 90 விநாடி காத்திருந்து, பிறகு பாஸ்வேர்ட் கேட்டு நிற்கும். அந்த வரியை எடுத்துவிட்டால் போதும். 'எழுத முடியவில்லை' என்ற செய்தி வந்தால், சர்வர் டைரக்டரி படிக்க மட்டும் திறந்திருக்கிறது என்று பொருள். தற்காலிகக் கோப்புகளுக்கு மெமரியில் இடம் ஒதுக்க வேண்டும்.

தேதியை மறக்கக் கூடாது. மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்தால் கவுண்டர் பழைய தேதியில் எழும். பில்லிலும் அதே தேதி விழும். 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தபின் இது கணக்கு தாக்கலில் தொல்லை தரும். பில்லிங் புரோகிராம் திறக்கும் முன்பே சர்வரிடம் நேரம் வாங்கும்படி ஸ்கிரிப்டில் வைக்கச் சொல்லுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். சர்வர் முழுதாக எழுந்த பிறகே கவுண்டர்களைப் போடவும். யு.பி.எஸ். சர்வருக்கு மட்டுமல்ல, நெட்வொர்க் சுவிட்சுக்கும் வேண்டும்.