தேக்காவுக்குத் தெரிந்த பருவம்

சிங்கப்பூரின் விலையுயர்ந்த உணவகங்களில் ஆண்டு நான்கு கூறாகப் பிரிந்து கிடக்கிறது. ஏப்ரலில் ஐரோப்பாவிலிருந்து வெள்ளை அஸ்பாரகஸ் வந்து இறங்கினால் மெனு அட்டையில் வசந்தம் பிறக்கிறது. இத்தாலியின் ஆல்பாவிலிருந்து வெள்ளை ட்ரஃபிள் வந்தால் இலையுதிர்காலம். டிசம்பர் என்றால் குளிர்காலம். கனமான இறைச்சி, கனமான சிவப்பு ஒயின். இவ்வளவும் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வடக்கே, எந்த மாதத்திலும் பகல் வெப்பம் முப்பது பாகையை ஒட்டியே நிற்கும் ஒரு தீவில் நடக்கின்றன. சமைப்பவர்களின் திறமையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பருவச் சமையல் என்று சொல்லி வேறு ஊரின் பருவத்தைப் பரிமாறும்போது, இந்த ஊருக்குப் பருவமே கிடையாது என்று நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அது தவறு. சிங்கப்பூருக்குப் பருவங்கள் உண்டு; அவற்றை நாள் தவறாமல் கணக்கு வைத்திருக்கும் இடம் லிட்டில் இந்தியாவின் தேக்கா. பருவத்தைத் தேடும் உணவகங்கள் போக வேண்டிய இடமும் அதுவே.

பருவத்துக்கேற்ப மாறும் மெனு, நீண்ட ஒயின் பட்டியல், தோட்டம் சூழ்ந்த பழைய மாளிகை: இம்மூன்றும் சேர்ந்த விருந்தை இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகை விடுதிகள் புகழ்பெறச் செய்தன. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே கிரேட் மில்டன் கிராமத்தில் ரேமண்ட் பிளாங்க் 1984இல் திறந்த 'ல மன்வார் ஓ கத் செசோன்' அதற்குச் சிறந்த சான்று. சமையலறைக்கு வெளியே காய்கறித் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தில் எது முற்றியதோ அது அன்றைய தட்டுக்கு வருகிறது. அங்கே பருவம் என்பது சமையல்காரர் தேர்ந்தெடுக்கும் அலங்காரமாக இல்லை. மண் சொல்வதை அவர் கேட்கிறார். சிங்கப்பூரில் அந்த மாளிகைகளுக்கு நெருங்கிய உறவு என்றால் காலனி காலத்துக் கறுப்பு-வெள்ளை பங்களாக்கள்தான். ஸ்காட்ஸ் சாலையில் அப்படியொரு பங்களாவில் இந்தியச் சமையலைப் பரிமாறிய 'சாங் ஆஃப் இந்தியா', 2016இல் வெளிவந்த முதல் சிங்கப்பூர் மிஷலின் கையேட்டிலேயே ஒரு நட்சத்திரம் பெற்றது. பூமலை எனப்படும் தாவரவியல் தோட்டத்துக்குள் 1910இல் கட்டப்பட்ட பங்களாவில் 2014இல் தொடங்கிய 'கார்னர் ஹவுஸ்' உணவகத்துக்கும் அதே ஆண்டில் நட்சத்திரம் கிடைத்தது. அந்த வீட்டுக்குப் பெயர் தந்தவர் அங்கே வாழ்ந்த தாவரவியலாளர் இ.ஜே.எச். கார்னர். வெப்பமண்டலக் காட்டு மரங்களை ஆழ்ந்து கவனித்து, 1949இல் 'டுரியான் கோட்பாடு' என்று அறியப்பட்ட கருத்தை முன்வைத்தவர் அவர். இன்றைய பூக்கும் மரங்களின் மூதாதை எப்படி இருந்திருக்கும் என்ற கேள்விக்கு விடை தேடி டுரியானிடம் போனார். அவர் வாழ்ந்த வீட்டில் ஐரோப்பியப் பருவத்தைப் பரிமாற வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அந்த டுரியானையே எடுத்துக்கொள்ளலாம். மழை விட்டுச் சில வாரங்கள் வெயில் காய்ந்தால்தான் மரம் நன்றாகப் பூக்கும். பூத்து மூன்று நான்கு மாதங்களில் பழம் விழும். அதனால் ஜொகூர், பகாங் தோப்புகளின் பெரும் விளைச்சல் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை இங்கே குவிகிறது. ஆண்டுக் கடைசியை ஒட்டி இன்னொரு சிறிய விளைச்சல் உண்டு. வறட்சி பிந்தினால் பழமும் பிந்தும். இதைவிடத் தெளிவாகத் தன் வருகையை அறிவிக்கும் காய் ஐரோப்பாவில் எது? மீனும் அப்படித்தான். நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கலக்கும்போது மலேசியக் கிழக்குக்கரைப் படகுகள் பல கடலுக்குப் போவதில்லை; வரத்து குறைகிறது. கூடவே சீனப் புத்தாண்டும் நெருங்கினால் வெளவால் மீனின் விலை எகிறும். தேக்கா ஈரச்சந்தையில் கூடையோடு நிற்கும் யாருக்கும் இது பாடமாகத் தெரியும்.

காற்றும் மழையும் வகுத்த இந்தப் பருவங்களின்மேல் தமிழரின் நாட்காட்டி இன்னொரு வரிசையை அடுக்கியிருக்கிறது. பழந்தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தது. லிட்டில் இந்தியாவின் கடைத்தெருவோ மாதந்தோறும் மாறுகிறது. தை பிறக்குமுன் கேம்பல் லேன் வட்டாரத்தில் கரும்புக் கட்டுகளும் மஞ்சள் கொத்தும் மண்பானைகளும் இறங்குகின்றன. சித்திரைப் பிறப்புக்கு மாங்காயும் வேப்பம்பூவும் வேண்டும். அதைத் தொடர்ந்து ஜூன் வரை இந்திய மாம்பழம் பெட்டி பெட்டியாக வருகிறது. ஆடியில் அம்மனுக்குக் கூழ். புரட்டாசியில் பல வீடுகளில் இறைச்சி நின்றுபோகிறது. சனிக்கிழமைகளில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் கூட்டம் நெரிகிறது. தேர்ந்த ஒரு சமையல் கலைஞருக்கு இவற்றில் எவ்வளவு வேலை காத்திருக்கிறது! புரட்டாசி முழுவதும் வாழைப்பூ, சேனை, முருங்கை, பூசணி என்று காய்கறியை மட்டும் வைத்து எட்டு வகை டேஸ்டிங் மெனு அமைக்கலாம். தை மாதத்தில் பசுமஞ்சளின் மணத்தையும் கரும்புச் சாற்றின் கனத்தையும் வெண்ணெயில் வாட்டிய மீனோடு சேர்த்துப் பார்க்கலாம். சித்திரையின் மாங்காய்ப் பச்சடியோ இனிப்பு, புளிப்பு, கசப்பு, உவர்ப்பு, காரம் அத்தனையையும் ஒரே கரண்டியில் அடக்கியது. உயர்தரச் சமையல் தேடி அலையும் சமநிலை அதில் ஏற்கெனவே இருக்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். சிங்கப்பூர் உண்பதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. தேக்காவின் முருங்கைக்காயும் விமானத்தில்தானே வருகிறது? அதற்கும் ஆல்பா ட்ரஃபிளுக்கும் என்ன வேறுபாடு? தூரத்தை மட்டும் அளந்தால் வேறுபாடு அளவில்தான். விமானச் சரக்கால் சுற்றுச்சூழலுக்கு நேரும் கேட்டை மாங்கொழுந்து கட்டி மறைக்கவும் கூடாது. ஆனால் பருவத்தைப் பருவமாக்குவது தூரம் மட்டுமல்ல, அது எத்தனை பேரின் அடுப்பை மாற்றுகிறது என்பதும்தான். ட்ரஃபிள் வந்ததும் சில உணவகங்களின் மெனு அட்டை மாறுகிறது, அவ்வளவே. மாம்பழம் வந்தால் ஒரு தெருவே மாறுகிறது. வீட்டுப் பச்சடி, கோயில் படையல், பக்கத்து வீட்டுக்குப் போகும் தட்டு எல்லாம் மாறுகின்றன. ஊரே சேர்ந்து காத்திருந்து சாப்பிடும் ஒன்றை, எங்கு விளைந்தாலும், அந்த ஊரின் பருவம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. மேலும் ஜொகூரும் பகாங்கும் கேமரன் மலையும் லாரி எட்டும் தூரம். நகரமே நாடாக உள்ள இடத்துக்கு அவைதாம் கொல்லைப்புறத் தோட்டம்.

இன்னொரு மறுப்பு விலையைப் பற்றியது. வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசுக்குப் பல மடங்கு கொடுத்து யார் கூழையும் பச்சடியையும் சாப்பிடுவார்கள் என்று கேட்பார்கள். யுனெஸ்கோ 2020இல் பட்டியலில் சேர்த்த உணவங்காடிப் பண்பாடு சிங்கப்பூரின் பெருமை. அது மலிவாக இருப்பது நியாயம். ஆயினும் இந்தியச் சாப்பாடு எங்கும் எப்போதும் மலிவாகவே இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பில், விடியுமுன் அடுப்படிக்கு வருபவரின் உழைப்புக்கு விலையில்லை என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. இந்த ஊரின் அனுபவமே அந்த எதிர்பார்ப்பை மறுக்கிறது. பலர் கழித்துக் கட்டிய மீன் தலையைப் புளியும் மிளகாயும் சேர்த்துக் குழம்பாக்கிப் பெயர் வாங்கியது சிங்கப்பூர். 1969இல் தொடங்கிய 'முத்துஸ் கறி', 1974இல் தொடங்கிய 'பனானா லீஃப் அப்போலோ' ஆகியவை இருக்கும் ரேஸ் கோர்ஸ் சாலையில் மேசைக்கு நடுவே வைத்து மதிக்கப்படுவது அந்தத் தலைதான். பினாங்கில் பிறந்த மனோ தேவர் 2018இல் கியோங் சாய்க் சாலையில் தொடங்கிய 'தேவர்' 2021இல் ஒரு மிஷலின் நட்சத்திரமும் 2022இல் இரண்டாவதும் பெற்றது. நம் வீட்டு மசாலாவுக்கு உயர்ந்த விலை கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்பது நிரூபணமான செய்தி. அந்த விலைக்குரிய மேசையில் நம் நாட்காட்டியும் உட்கார வேண்டும் என்பதுதான் மீதமிருக்கும் வேலை.

அந்த மேசைக்கு வரும் ஒயினைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. முதலில் சுவைக் கணக்கு. மிளகாயின் காப்சைசின் நாவில் வெப்பத்தை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. மதுவும் அதே நரம்பை எளிதில் தூண்டப்படும்படி செய்கிறது. அதனால் செறிவு கூடிய சிவப்பு ஒயின் காரக்குழம்போடு சேர்ந்தால் எரிச்சல் பெருகும். அதன் துவர்ப்பும் வாயை இறுக்கும். புளிக்கு ஈடாகப் புளிப்பும், காரத்தைத் தணிக்கச் சற்று இனிப்பும், குறைந்த செறிவும் உள்ள ஜெர்மனியின் மோசல் ரீஸ்லிங் போன்றவை நம் சமையலோடு இணங்கிப் போகின்றன. பருவத்தை ஒயினிலும் அருகிலேயே தேடலாம். நாசிக்கில் அறுவடை ஜனவரி தொடங்கி மார்ச் வரை. தாய்லாந்தின் காவ் யாயிலும் ஏறக்குறைய அதே காலம். பொங்கல் முடிந்த கையோடு திராட்சை கொய்யும் இந்த நிலங்களின் ஒயின்களை நம் மெனுக்களில் அபூர்வமாகவே காண்கிறோம்.

மது நம் சமூகத்தில் வெறும் சுவைப் பொருளாக இருந்ததில்லை என்பதையும் மறக்க முடியாது. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உடல் நோக உழைத்த தமிழரின் கூலியைக் கள்ளுக்கடைகள் தின்றன; சிங்கப்பூரில் அவை 1970களின் இறுதி வரை இருந்தன. லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பரில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்த சட்டம் அவ்விடத்தைக் கேலாங்கோடு சேர்த்து மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமாக்கியது. உரிமம் பெற்ற உணவகத்துக்குள் பரிமாற அது தடையல்ல. என்றாலும் வார இறுதியில் அந்தத் தெருவில் நடக்கும் வெளிநாட்டு ஊழியருக்குப் பொருந்தும் கடுமை, ஸ்காட்ஸ் சாலை பங்களா விருந்தாளிக்குப் பொருந்துவதில்லை. விலையும் ஒரு சுவர். ஒரு லிட்டர் மதுசாரத்துக்கு 88 வெள்ளி தீர்வை என்பதால், 13 விழுக்காடு செறிவுள்ள 750 மில்லி புட்டிக்கு ஏறத்தாழ எட்டரை வெள்ளி போய்விடுகிறது. அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, பிறகு உணவகத்தின் லாபம்.

ஆகவே பருவ விருந்தை ஒயினோடு கட்டிப்போட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். குடிக்காத தமிழர் பலர் உயர்தர உணவகத்துக்குப் போனால் அவர்களுக்குக் கிடைப்பது தண்ணீரும் புட்டிப் பழச்சாறும்தான். ராமநவமிக்கு வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்ந்த பானகம், வெயில் ஏறும்போது நீர்மோர், நன்னாரிச் சர்பத், டிசம்பர் மழைக்குத் தெளிந்த மிளகு ரசம் சிறு கோப்பையில், புரட்டாசிக் காய்கறிக்கு வேப்பம்பூ ரசம்: புளிப்பும் இனிப்பும் காரமும் அளவறிந்து மாறும் இந்த வரிசை, உணவோடு பானத்தைப் பொருத்தும் கலைக்கு ஒயினைவிடக் குறைந்த பொருள் அல்ல. இவற்றுக்குத் தீர்வையும் இல்லை. ஒயின் தேர்வுக்கென்று தனி ஊழியரை வைத்திருக்கும் உணவகம், அதே பயிற்சியும் சம்பளமும் கொடுத்து இந்தப் பானங்களுக்கும் ஒருவரை அமர்த்தலாம். அவருடைய பட்டியலையும் ஒயின் பட்டியலோடு சேர்த்தே விருந்தாளியின் கையில் கொடுக்கலாம்.