இதழைத் தின்னு மைனா!

பூவுக்கு வரும் வண்டு தேன் குடிக்கும். போகும்போது மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு போகும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் தேனே இல்லாத ஒரு பூ இருக்கிறது. வருகிறவருக்கு அது தன் இதழையே தின்னக் கொடுத்துவிடும்!

அந்தச் செடியின் பெயர் ஃபீஜோவா. கொய்யா, நாவல், கிராம்பு எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். பிறந்த இடம் தென் அமெரிக்காவில், பிரேசிலின் தெற்குப் பகுதியும் உருகுவேயும். இன்று இதைத் தோட்டத்தில் ஆசையாக வளர்ப்பவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். வேலிக்குப் பதிலாகவே வரிசையாக நட்டுவிடுவார்கள்.

பூவைக் கிட்டத்தில் பார்ப்போம். நான்கு இதழ்கள். வெளியே வெள்ளை, உள்ளே இளஞ்சிவப்பு. தடித்துச் சதைப்பற்றோடு இருக்கும், கடித்தால் இனிக்கும். நடுவில் கொத்தாக நிற்பவை சிவப்பு மகரந்தத் தாள்கள். அவற்றின் நுனியில் மஞ்சள் பொடி, அதுதான் மகரந்தம். அந்தக் கூட்டத்தின் நடுவே வேறொரு தண்டு மட்டும் எல்லாவற்றையும் தாண்டி உயரமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதன் உச்சிதான் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூலகமுடி.

இதழைப் பிடுங்க ஒரு பறவை குனிகிறது. தலையெல்லாம் மஞ்சள் பொடி! அடுத்த செடிக்குப் போய்க் குனியும்போது, உயரமாக நிற்கும் சூலகமுடி முதலில் தலையில் இடிக்கும். பொடி அதில் ஒட்டிக்கொள்ளும். இதழ் போனதில் செடிக்கு நஷ்டமே இல்லை. காயாக மாறப்போகும் சூலகம் இதழுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறதே!

நியூசிலாந்தில் இந்த வேலையைச் செய்பவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நம் மைனாதான்! பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பிடிக்கட்டும் என்று 1870களில் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். தேனீயும் பூவுக்கு வரும். ஆனால் உடம்பு சின்னது. பல நேரம் சூலகமுடியைத் தொடாமலே மகரந்தத்தை வாரிக்கொண்டு போய்விடும். எனக்கென்னவோ மைனாதான் நாணயமான ஆள்.

வீட்டில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு செடி வைப்பார்கள். பல ரகங்கள் தம் மகரந்தத்தைக் கொண்டே காய்ப்பதில்லை; வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். ஒரே தாய்ச்செடியில் வெட்டிய இரண்டு குச்சிகளை நட்டால் பலனில்லை, இரண்டும் ஒரே செடிதான். பறவை வராத இடமா? ஓவியம் தீட்டும் தூரிகையால் நாமே பொடியைத் தொட்டு அடுத்த செடியின் பூவில் தடவலாம்.

பழுத்தாலும் இந்தப் பழம் பச்சையாகவே இருக்கும். அப்படியானால் எப்படித் தெரியும்? தானே கீழே விழும், பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாக வெட்டிக் கரண்டியால் வழித்துத் தின்பார்கள். அன்னாசியும் கொய்யாவும் கலந்த வாசனை. நடுவில் கூழ், தோல் பக்கம் நறநறவென்று இருக்கும். கொய்யாவைப் போலவே இதிலும் கல் செல்கள் உண்டு. வெட்டி வைத்தால் கத்தரிக்காய் மாதிரி கறுத்துப்போகும்.

நன்றாகப் பூத்துக் காய்க்க இதற்குக் குளிர்காலம் தேவை. சென்னை, மதுரை வெயிலில் அது நடப்பது கஷ்டம். அதற்குப் பதில் நீங்கள் கொய்யாப் பூவைப் பாருங்கள். அங்கேயும் கொத்துக் கொத்தாக மகரந்தத் தாள்கள், இதழுக்குக் கீழே சூலகம். காலையில் யார் யார் அங்கே வந்து போகிறார்கள் என்று குறித்து வைத்து எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.