ஆந்த்ராக்ஸ்: ஒரு நுண்ணுயிர் சொல்லும் சாட்சியம்

நோய்களுக்கு மனிதர்கள் இட்ட பெயர்களில் அவர்கள் கண்ட காட்சி பதிவாகியிருக்கும். 'ஆந்த்ராக்ஸ்' எனும் கிரேக்கச் சொல்லின் பொருள் கரி என்பதாகும். அரபியர் இந்நோயை 'அல்ஜம்ரத்துல் கபீஸா' என்பர். கொடிய கங்கு என்பது அதன் பொருள். 'ஜம்ரா' எனும் சொல்லுக்குத் தணல் என்றும் சிறு கல் என்றும் இரு பொருள்கள் உள. மினாவில் ஹாஜிகள் கல்லெறியும் இடங்களை ஜமராத் என்று நாம் வழங்குவது இரண்டாம் பொருளைத் தழுவியது. நோயின் பெயரோ முதற்பொருளைத் தழுவியது. பாரசீகர் இதனை 'சியாஹ் ஸக்ம்', அதாவது கரும்புண் என்றனர். தோலில் எழும் வலியற்ற கொப்புளம் உடைந்து, அதன் நடுவே கரித்துண்டு போன்ற கருத்த பொருக்கு தோன்றுவதே இப்பெயர்கள் அனைத்திற்கும் காரணம். தமிழகத்தின் ஆடுமாடு வளர்ப்போர் இதனை 'அடைப்பான்' என அழைப்பர். காலையில் மேய்ச்சலுக்குச் சென்ற மாடு மாலைக்குள் வீழ்ந்து மடியும் அதன் வேகத்தை அவர்கள் நன்கறிவர்.

மருத்துவ மேதை இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் 'ஜம்ரா'வையும் 'நார் ஃபாரிஸிய்யா' எனும் பாரசீக நெருப்பையும் ஒருங்கே வைத்துப் பேசுகிறார். அவர் விவரித்தது இன்றைய ஆந்த்ராக்ஸ்தான் என்று அறுதியிட்டுக் கூறுதல் முறையன்று. எரியும் கொப்புளங்கள் பலவற்றை அக்காலத்தார் ஒரே பெயரில் அடக்கினர். பெயர் ஒன்றாயிருத்தல் மட்டுமே பொருளும் ஒன்று என்பதற்குச் சான்றாகாது. இந்த எச்சரிக்கை இக்கட்டுரை முழுமைக்கும் பொருந்தும். ஏனெனில், இந்நோயின் வரலாறு நெடுகிலும் அவசர முடிவுகள் ஒருபுறமும் பொறுமையான ஆய்வு மறுபுறமுமாக நின்றிருக்கின்றன.

சபிக்கப்பட்ட வயல்களின் மர்மம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் மேய்ச்சல் நிலங்கள் சிலவற்றுக்குச் 'சபிக்கப்பட்ட வயல்கள்' என்று பெயர். அவற்றில் ஆடுகளை விட்டால் மடியும். பல்லாண்டு கழித்து மீண்டும் விட்டாலும் மடியும். 1850இலேயே நோயுற்ற விலங்குகளின் குருதியில் கோல் வடிவ நுண்பொருள்கள் காணப்பட்டிருந்தன. ஆயினும் அவையே நோய்க்குக் காரணமா, அன்றி நோயின் விளைவா என்பது தெளிவாகவில்லை.

இப்புதிரை விடுவித்தவர் பெரும் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அல்லர். இன்று போலந்தில் உள்ள வோல்ஷ்டைன் எனும் சிற்றூரின் அரசு மருத்துவர் இராபர்ட் காக் ஆவார். நோயாளிகளைக் கவனித்தது போக எஞ்சிய நேரத்தில், வீட்டிலேயே அமைத்த ஆய்வறையில், மரச்சிராயால் எலிக்கு நோயேற்றி, அதிலிருந்து அடுத்த எலிக்கும் அதிலிருந்து மற்றொன்றுக்கும் எனத் தொடர்ந்து கடத்தினார். மாட்டின் கண்நீர்மத் துளியில் அந்தக் கோல்களை வளர்த்து நுண்ணோக்கியில் இடைவிடாது நோக்கினார். கோல்கள் நீண்டு இழைகளாயின. பின்னர் இழைகளுக்குள் ஒளிரும் சிறு மணிகள் தோன்றின. இழை அழிந்த பின்னும் மணிகள் எஞ்சின. உணவுள்ள நீர்மத்தில் இட்டபோது அம்மணிகளிலிருந்து மீண்டும் கோல்கள் முளைத்தன. 1876இல் அவர் இதனை வெளியிட்டார். ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிர் ஒரு குறிப்பிட்ட நோயை விளைவிக்கிறது என்பது ஐயமற நிறுவப்பட்ட தொடக்கச் சான்றுகளுள் இது தலையாயது.

'ஸ்போர்' எனப்படும் அந்த மணியே வயல்களின் சாபத்துக்கு விடை. நோயுற்ற விலங்கின் உடலுக்குள் பாக்டீரியா கோல்வடிவில் பெருகும். உடல் கிழிந்து குருதி வெளியேறிக் காற்றுப்பட்டால் ஸ்போராக மாறும். ஸ்போருக்கு உணவு வேண்டா, நீர் வேண்டா. வெப்பம், வறட்சி, கதிரொளி ஆகியவற்றைத் தாங்கி மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். உடல் கிழிக்கப்படாமல் அழுகினால், உள்ளிருக்கும் கோல்கள் பெரும்பாலும் அழிந்துபோகும். அடைப்பானால் இறந்ததாக ஐயுறும் கால்நடையின் உடலை அறுக்கலாகாது, எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

ஸ்போரின் நீண்ட உறக்கத்துக்கு 2016ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று சான்று. ரஷ்யர் இந்நோயைச் 'சைபீரியப் புண்' என்று அழைப்பர். அந்தச் சைபீரியாவின் யமால் பகுதியில், 2016ஆம் ஆண்டின் கடுங்கோடையில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பனிமான்கள் மடிந்தன. 12 வயதுச் சிறுவன் ஒருவனும் உயிரிழந்தான். உறைபனி மண் உருகியதால் பழைய ஸ்போர்கள் வெளிப்பட்டன என்று பலரும் விளக்கினர். அதேவேளை, அங்குப் பனிமான்களுக்குத் தடுப்பூசி இடுவது 2007இல் கைவிடப்பட்டிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

தடுப்பூசியும் அதன் பின்னணியும்

1881 மே மாதம் பூயி-லெ-ஃபோர் எனும் பண்ணையில் லூயி பாஸ்டர் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு சோதனை நடத்தினார். ஆடுமாடுகளுள் ஒரு பகுதிக்கு இருமுறை தடுப்பூசி இடப்பட்டது. மறுபகுதிக்கு இடப்படவில்லை. மே 31 அன்று அனைத்துக்கும் வீரியமிக்க கிருமி செலுத்தப்பட்டது. சில நாள்களில் தடுப்பூசி பெறாத ஆடுகள் எல்லாம் மடிந்தன. பெற்றவை ஏறத்தாழ அனைத்தும் பிழைத்தன. உலகம் வியந்தது.

கிருமியைக் காற்றின் ஆக்சிஜனால் வலுவிழக்கச் செய்ததாகவே பாஸ்டர் உலகை நம்பச் செய்திருந்தார். அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகளை ஆராய்ந்த வரலாற்றறிஞர் ஜெரால்டு கைசன், அச்சோதனையில் பயன்பட்டது உதவியாளர் ஷாம்பர்லான் வேதிப்பொருள் கொண்டு ஆக்கிய தடுப்பூசியே என்று 1995இல் எடுத்துக்காட்டினார். வேதிப்பொருளால் கிருமியை அடக்கும் வழியைத் துலூஸ் நகரின் கால்நடை மருத்துவர் தூஸேன் 1880லேயே தொடங்கியிருந்தார். தடுப்பூசி பயனளித்தது என்பது மெய். அதன் வரலாறு முழுமையாகச் சொல்லப்படவில்லை என்பதும் மெய். அறிவிப்பாளரின் புகழைக் கண்டு அறிவிப்பை ஆராயாமல் விடலாகாது என்பதை ஹதீஸ் கலை பயின்றோருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இன்று கால்நடைகளுக்கு இடப்படும் தடுப்பூசியின் மூலம், 1930களில் தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் கண்டறிந்த, உறையற்ற கிருமி வகையாகும். நம் இராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமும் ஆந்த்ராக்ஸ் ஸ்போர் தடுப்பூசியைத் தயாரித்து வருகிறது.

கிருமி கொல்லும் விதம்

பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் எனும் இப்பாக்டீரியா தன் வலிமையை இரண்டு சிறு மரபு வளையங்களில் வைத்திருக்கிறது. ஒன்று, நம் குருதியின் வெள்ளணுக்கள் விழுங்க இயலாதபடி கிருமியைச் சூழும் உறையை ஆக்குகிறது. ஸ்டெர்னின் கிருமியில் இவ்வளையம் இல்லை. மற்றொன்று மூன்று புரதங்களை ஆக்குகிறது. முதற்புரதம் நம் உயிரணுவின் வாயிலைப் பற்றிக்கொண்டு, தன்போன்ற பிறவற்றோடு வளையமாய்ச் சேர்ந்து, மற்ற இரண்டும் உட்புக வழியமைக்கிறது. உட்புகும் இரண்டனுள் ஒன்று அணுவின் நீர்ச்சமநிலையைக் குலைத்து வீக்கத்தை விளைவிக்கும். மற்றொன்று அணுவுக்குள் செய்தி கடத்தும் புரதங்களை வெட்டி எறியும். தனித்து நின்றால் இம்மூன்றில் எதுவும் கொல்லாது. வழிகாட்டியும் கொலைஞனும் கூடினாலே கேடு. காலந்தாழ்ந்து அளிக்கும் மருந்து கிருமியைக் கொன்றாலும், முன்பே உட்சென்ற நச்சை அகற்றாது. தோல்வழி வரும் நோய் உரிய மருந்தால் பெரும்பாலும் குணமாவதும், மூச்சுவழி வருவது உயிரைப் பறிப்பதும் இதனாலேயாம்.

தோலும் உரோமமும்

இந்நோய் மந்தையோடு நிற்பதில்லை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகர ஆலைகளில் உரோமம் பிரிப்போர் திடீரென மூச்சுத்திணறி இறந்தனர். துருக்கியின் வான் ஏரிப் பகுதியிலிருந்து வந்த ஆட்டுரோமம் அவர்கள் பெரிதும் அஞ்சிய சரக்குகளுள் ஒன்று. இது ஆந்த்ராக்ஸே என்பதை மருத்துவர் ஜான் ஹென்றி பெல் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெளிவுபடுத்தினார். அண்மைக் காலத்திலும், 2006இல் நியூயார்க்கிலும் 2008இல் லண்டனிலும் விலங்குத்தோலால் முரசு செய்த கலைஞர்கள் மூச்சுவழி ஆந்த்ராக்சுக்கு உள்ளாயினர்.

தலைமுறைகளாகத் தோல் வாணிபத்தில் ஈடுபட்டுவரும் நம் சமுதாயத்தார் இங்கு ஒன்றைக் கருதவேண்டும். பதனிட்ட தோல் சில விதிவிலக்குகளுடன் தூய்மையானது என்பது ஃபிக்ஹுச் சட்டம். அது வணக்கத்துக்குரிய தூய்மை பற்றியது. கிருமி நீங்கிற்றா என்பது ஆய்வகம் கூறவேண்டிய விடை. இரண்டையும் குழப்புதல் கூடாது. அவ்வாறே, தானாகச் செத்த பிராணியின் இறைச்சி விலக்கப்பட்டதன் காரணம் ஆந்த்ராக்ஸே என்று நாம் வாதிடவும் வேண்டா. ஆயினும் செத்த மாட்டை அறுத்துப் பங்கிட்டு உண்ணும் ஊர்களிலேயே இந்நோய் மனிதரை மிகுதியும் தாக்குகிறது என்பதும், அவ்விலக்கைப் பேணுவோர் அவ்வழியிலிருந்து காக்கப்படுகின்றனர் என்பதும் கண்கூடு.

ஆயுதமாக்கப்பட்ட வித்து

நோயைத் தடுக்க உதவிய அதே அறிவு கொல்லவும் பயன்பட்டது. 1942, 1943 ஆண்டுகளில் ஸ்காட்லாந்தை அடுத்த குருயினார்டு தீவில் பிரிட்டன் ஆந்த்ராக்ஸ் குண்டுகளைச் செம்மறியாடுகள் மீது சோதித்தது. ஆடுகள் சில நாள்களில் மடிந்தன. தீவோ ஏறத்தாழ அரை நூற்றாண்டு மனிதர் கால்பதிக்க இயலாத இடமாயிற்று. 1986இல் 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கடல்நீரில் கலந்து மண்ணில் ஊற்றிய பின்னர், 1990இல்தான் அது தீங்கற்றதாக அறிவிக்கப்பட்டது.

சோவியத் நாட்டின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் 1979 ஏப்ரலில் குறைந்தது 66 பேர் ஆந்த்ராக்சால் இறந்தனர். உயிரியல் ஆயுதத் தடை உடன்பாடு 1975இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டதால், கெட்டுப்போன இறைச்சியே காரணம் என்று அரசு கூறிற்று. அமெரிக்க அறிஞர் மாத்யூ மெசல்சனும் முதலில் அவ்விளக்கம் ஏற்கத்தக்கதே எனக் கருதினார். ஆயினும் நோயியல் மருத்துவர்களான ஃபைனா அப்ரமோவாவும் லெவ் கிரின்பெர்க்கும் இறந்தோரின் திசுக்களை மறைத்துப் பாதுகாத்திருந்தனர். இறந்தோரின் மார்புக்குழி நிணநீர்க் கணுக்களில் குருதிப்போக்கு இருந்தது. நோய் மூச்சுவழியே வந்தது என்பதை அது காட்டியது. மெசல்சன் குழுவினர் இறந்தோர் அந்நாளில் இருந்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது, இராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து காற்று வீசிய திசையில் ஒரு குறுகிய பட்டையாக அவை அமைந்தன. கால்நடைகள் மடிந்த ஊர்களும் அதே கோட்டில் 50 கிலோமீட்டர் வரை நீண்டன. 1994இல் இவ்வாய்வு வெளிவந்தது. இராணுவமே காரணம் என்பதை 1992லேயே அதிபர் யெல்ட்சின் ஒப்பியிருந்தார்.

2001ஆம் ஆண்டின் கடிதங்கள்

நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு ஒரு வாரத்துக்குப் பின், ஆந்த்ராக்ஸ் பொடி அடங்கிய கடிதங்கள் அமெரிக்க ஊடகங்களுக்கும், பின்னர் இரு செனட் உறுப்பினர்களுக்கும் அஞ்சலில் வந்தன. 22 பேர் நோயுற்றனர், ஐவர் இறந்தனர். எழுதியவர் முஸ்லிம் என்று எண்ணத் தூண்டும் வாசகங்கள் கடிதங்களில் இருந்தன. ஈராக்கே மூலம் என்று ஊடகங்கள் சில எழுதின. 2003 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஒரு சிறு குப்பியை உயர்த்திக் காட்டி அக்கடிதங்களை நினைவூட்டினார். அடுத்த மாதம் ஈராக் போர் மூண்டது. ஈராக் 1991க்கு முன்னர் ஆந்த்ராக்ஸ் ஆயுதம் செய்திருந்தது என்பது அந்நாடே 1995இல் ஒப்புக்கொண்ட உண்மை. ஆனால் போருக்குப் பின் தேடியபோது அத்தகைய ஆயுதக் கிடங்கு எதுவும் அகப்படவில்லை.

கடிதத்தின் வாசகம் ஒன்று சொன்னது. கடிதத்துள் இருந்த ஸ்போர் வேறொன்று சொன்னது. அது 'ஏம்ஸ்' எனும் வகை. 1981இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இறந்த ஒரு மாட்டிலிருந்து எடுக்கப்பட்டு ஆய்வகங்களில் வளர்க்கப்பட்டு வந்தது. பொடியை வளர்த்தபோது தோற்றத்தில் மாறுபட்ட சில கூட்டங்கள் தோன்றின. மரபணுத் தொடரை முழுமையாக வாசித்து, அம்மாறுபாடுகளுள் நான்கினை அடையாளமாகக் கொண்டு, பல ஆய்வகங்களிலிருந்து திரட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளோடு ஒப்பிட்டனர். நான்கு அடையாளங்களும் ஒருங்கே காணப்பட்ட மாதிரிகள், அமெரிக்க இராணுவத்தின் ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வு நிலையத்திலிருந்த ஒரு குடுவையோடு தொடர்புடையவை என்று புலனாய்வுத் துறை அறிவித்தது.

முன்பு வேறோர் அறிஞரைச் சில ஆண்டுகள் வெளிப்படையாக ஐயுற்ற அரசு, 2008இல் அவருக்கு இழப்பீடு அளிக்க நேர்ந்தது. பின்னர் அந்நிலையத்தின் தடுப்பூசி ஆய்வாளர் புரூஸ் ஐவின்சே குற்றவாளி என்றது. வழக்குத் தொடுக்கப்படும் முன்னரே, 2008 ஜூலையில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 2010இல் வழக்கு மூடப்பட்டது. அறிவியல் சான்றுகளை மறு ஆய்வு செய்த அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம், அவை அக்குடுவையோடு பொருந்துகின்றன என்றும், ஆனால் அறிவியல் சான்றை மட்டும் கொண்டு மூலத்தை அறுதியிட இயலாது என்றும் 2011இல் கூறிற்று.

இத்தீர்ப்பு சிலருக்கு ஏமாற்றமளிக்கலாம். நம் சட்ட நூல்களைப் பயின்றோருக்கு அளிக்காது. சாட்சி தான் அறிந்ததை மறைக்கவும் கூடாது, அறியாததைக் கூட்டவும் கூடாது. அந்தப் பொடி அமெரிக்க ஆய்வகங்களில் வளர்க்கப்பட்ட வகை என்பதை ஸ்போர் தெளிவாகச் சொன்னது. அஞ்சலில் இட்ட கை எது என்பதை அது சொல்லவில்லை. நம் சமுதாயத்தின் மீது அவசரமாகப் பழி விழுந்ததை எண்ணி வருந்தும் நாம், வழக்கு மன்றம் காணாத ஒருவர் மீது அதே அவசரத்தோடு பழியேற்றுதல் நீதியாகாது. செய்தியைத் தீர விசாரித்துத் தெளிதலைத் 'தபய்யுன்' என்கிறோம். அது நமக்குச் சாதகமான செய்திக்கும் உரிய கடமையே.