நங்கூரக் கயிறு தண்ணீரை எங்கே தொடும்?

ஒரு நேர்கோட்டுக்கும் ஒரு தளத்துக்கும் இடையில் மூன்று உறவுகள்தான் இருக்க முடியும். கோடு தளத்தை ஒரு புள்ளியில் வெட்டலாம், தளத்துக்குச் சமாந்தரமாகப் போகலாம், அல்லது தளத்திலேயே கிடக்கலாம். நான்காவது ஏன் இல்லை? திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் ஒரு படகை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காற்று ஓய்ந்த வேளையின் நீர்ப்பரப்பைத் தளமாக எடுத்துக்கொள்வோம். கடலும் பூமியோடு சேர்ந்து வளைந்ததுதான். ஆனால் 1 கிலோமீற்றர் தூரத்துக்கு அந்த வளைவு ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர். இந்தக் கணக்கை அது கெடுக்காது.

நீர்மட்டத்தின் உயரம் 0. படகின் அணியம் அதற்கு மேலே 3 மீற்றரில் இருக்கிறது. அங்கிருந்து விறைப்பாக நிற்கும் நங்கூரக் கயிறு, முன்னோக்கி 4 மீற்றர் போக 1 மீற்றர் இறங்குகிறது. இதை ஒரு படி என்போம். ‘ப’ படிகள் போனபின் கயிற்றின் உயரம் 3 − ப. நீரைத் தொடும் இடத்தில் 3 − ப = 0, ஆகவே ப = 3. அணியத்திலிருந்து 12 மீற்றர் தள்ளிக் கயிறு நீரைத் தொடும். ஒரே விடை, ஒரே புள்ளி.

அதே உயரத்தில் கிடையாக ஓடும் கைபிடிக் கம்பி இறங்குவதே இல்லை. அதற்குச் சமன்பாடு 3 = 0 என்றாகிவிடும்; விடை கிடையாது. இதுதான் சமாந்தரம். இறங்குதுறைச் சுவரில் நீர் தொடும் விளிம்புக்கோ 0 = 0. ‘ப’வுக்கு எதைப் போட்டாலும் சரி, கோடு முழுவதும் தளத்தில் கிடக்கிறது. ஒருபடிச் சமன்பாடு இந்த மூன்று முடிவுகளைத்தான் தரும். ஆகவே உறவும் மூன்றுதான்.

இரண்டு தளங்கள் சமாந்தரமாக இல்லாவிட்டால் ஒரு நேர்கோட்டில் வெட்டும். சுவரும் நீரும் சேரும் விளிம்பு அப்படிப்பட்ட கோடு. வற்றிலும் பெருக்கிலும் நீர்மட்டம் ஏறி இறங்கினாலும், சுவரில் அது விடும் கோடுகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகவே இருக்கும். சமாந்தரத் தளங்களை மூன்றாவது தளமொன்று வெட்டினால் எப்போதும் இதுதான் நடக்கும்.

இரண்டு கோடுகளின் கதை வேறு. தாளில் வரைந்த இரு கோடுகள் சமாந்தரமாக இல்லாவிட்டால், நீட்டினால் எங்காவது வெட்டியே தீரும். வெளியில் அந்தக் கட்டாயம் இல்லை. முன்பு மிதவைப் பாதையில் கடந்த நீர்வழிக்கு மேலே 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தைப் பாருங்கள். மேலே வீதி ஒரு கோடு. அடியில் குறுக்கே போகும் படகின் வழி இன்னொரு கோடு. இரண்டும் சமாந்தரமும் அல்ல, வெட்டுவதும் இல்லை, இரண்டையும் அடக்கும் ஒரு தளமும் கிடையாது. இவற்றுக்கிடையிலான மிகக் குறுகிய தூரம் இரண்டுக்கும் செங்குத்தான கோட்டின் வழியே அளக்கப்படும். வீதியும் படகுவழியும் கிடையானவை என்றால், அது அவற்றின் உயர வித்தியாசமே.

இனிச் செங்குத்து. மட்டமான கொங்கிறீற்றுத் தரையில் ஒரு கம்பம் நடுகிறார்கள். அடியில் மூலைமட்டத்தை வடக்குப் பக்கமாக வைத்தால் சரியாகப் பொருந்துகிறது. கம்பம் நேராக நிற்கிறதா? சொல்ல முடியாது, அது கிழக்கே சாய்ந்திருந்தாலும் மூலைமட்டம் அங்கே பொருந்தும். கிழக்குப் பக்கமும் வைத்துப் பார்க்கவேண்டும். தளத்தில் ஒன்றையொன்று வெட்டும் இரு கோடுகளுக்குச் செங்குத்தாக இருந்தால், அந்தத் தளத்திலுள்ள எல்லாக் கோடுகளுக்கும் கம்பம் செங்குத்துத்தான்; மூன்றாவது சோதனை தேவையில்லை. ஆனால் வடக்கிலும் தெற்கிலும் வைத்துவிட்டு இரண்டு முறை பார்த்தாயிற்று என்றால் அது கணக்கில் சேராது. இரண்டும் ஒரே கோடு.